உங்களைச் சந்தேகித்த மருமகள்

பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, அத்தை. பெற்றவளுக்காகப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்குகிற வாசனை காலையிலிருந்து நம் வீடு வரை வருகிறது. மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்பும் வாசனைதான். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உஷாராகிவிடுகிறது. கூடவே நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

எழுபதுகளின் நடுவில் மூத்தவன் பிறந்தான். அம்மா இல்லாத பெண் என்பதால் முதல் பிரசவமும் மாமியார் வீட்டிலேயே. அந்த வாரமே எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் யாரோ பிள்ளையை மாற்றிவிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். நீங்கள் கொண்டுவந்த பால் கசந்தது. வாசலில் போகிறவர்கள் பேசுவதெல்லாம் என்னைப் பற்றியே என்று பட்டது. "இந்தப் பொம்பளை என்னையக் கொல்லப் பாக்கறா" என்று உங்களைக் காட்டி ஊரே கேட்கக் கத்தினேனாம். எனக்கு நினைவிருப்பது டம்ளர் தரையில் உருண்டதும், நீங்கள் குனிந்து, சிந்திய பாலைத் துடைத்ததும்தான்.

சூரமங்கலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். மாத்திரை சாப்பிட்டு ஒரு மாதத்துக்குள் தெளிந்துவிட்டேன். "நல்லாயிருச்சும்மா. மறுபடி வராமலே இருக்கலாம். ஆனா அடுத்த பிரசவத்துல வர வாய்ப்பு உண்டு. தூக்கம் கெட்டா காத்திருக்காம கூட்டிட்டு வாங்க" என்றார். முதலில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்; கடைசியில் சொன்னதை நீங்கள்.

அதற்குப் பிறகு உங்கள்மேல் எனக்கு வந்த சந்தேகம் தெளிந்த புத்தியில் வந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட நான் தூக்கினால் நீங்களும் எழுந்து வருவீர்கள். தனியாகச் சிரித்தால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பீர்கள். அரிவாள்மனை பரண்மேல் போயிற்று. விடிந்ததும் "தூங்குனியா அம்மிணி?" என்பதுதான் முதல் பேச்சு. எனக்குக் கோபப்படவும் முடியாது, அழவும் முடியாது. எதற்கும் 'மறுபடி வந்திருச்சோ' என்ற அந்தப் பார்வை.

ஒருநாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உங்கள் தங்கச்சி உங்களிடம் சொன்னது காதில் விழுந்தது. "அவங்கப்பன் ஊட்டுல கொண்டுபோய் உட்ரு, அக்கா. வேற பொண்ணு கெடைக்காதா?" உங்கள் பதில் கேட்கவில்லை, மாடு கத்திவிட்டது. கேட்காத அந்தப் பதிலை நானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வருஷக்கணக்கில் உங்களோடு ஒரே அடுப்பில் சமைத்தேன்.

பிறகு சின்னவள் பிறந்தாள். தூக்கம் போயிற்று. ஒரு காலையில் நீங்கள் நீட்டிய பாலில் அதே கசப்பு. ஆனால் இந்தமுறை, இது முன்பும் தோன்றியதுதானே என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. சொன்னால் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று பயம். சொல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடிவிடுவேன் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏனுங்கத்தை, இந்தப் பால்ல நீங்க என்னமோ கலந்திருக்கறீங்கன்னு தோணுதுங்க."

சத்தியம் செய்வீர்கள், திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"தோணுனா குடிக்க வேண்டாஞ் சாமி. எந்திரி, சேலை மாத்து. காலை பஸ்ஸுக்கே டாக்டர்கிட்டப் போயரலாம்."

"என்னைய அங்கயே உட்டுட்டு வந்துருவீங்களா?"

"உட்டுட்டு வந்தா உம் பிள்ளைகளோட யாரு மல்லாடறது? ரெண்டு பேரும் போய்ட்டு ரெண்டு பேரும்தான் வாரோம்."

பஸ்ஸில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நம்பவில்லை. நம்பாமலேதான் வந்தேன். அந்தத் தடவை கத்தல் இல்லை, ஊர் கூடவில்லை. சில நாளில் அடங்கிவிட்டது. மாத்திரையை வெகுநாள் கழித்து டாக்டரே குறைத்து நிறுத்தினார்.

நீங்கள் இறந்த வாரம் மறுபடி எனக்குத் தூக்கம் போயிற்று. வந்த சொந்தக்காரர்களெல்லாம் உங்கள் சாவில் எதையோ என்னிடம் மறைக்கிறார்கள் என்று பட்டது. ஒரு காலையில் உங்கள் மகன் முன்னால் போய் நின்றேன். "நீங்களும் சேந்து மறைக்கறீங்கன்னு தோணுதுங்க." அவர் பதறவில்லை. "தோணுனாத் தோணட்டும், கெளம்பு" என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிள்ளை பெறாமலும் அது வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. இனியும் வரலாம், வராமலும் இருக்கலாம். டாக்டர் சொன்னதற்கு மேல் இன்றும் எனக்கு ஒன்றும் தெரியாது. யார்மேல் சந்தேகம் வருகிறதோ அவரிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழக்கம் ஒன்றுதான் பிடிமானம்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நீங்கள் படுக்கையில் கிடந்த நாட்களில் உங்கள் மகனைக் கிட்டே கூப்பிட்டு, நான் இப்படி வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். கேட்டால், அப்படியொன்றும் இல்லை என்கிறார்.

நான் நம்பவில்லை, அத்தை.