உருக்கச் சொன்ன சின்னம்

10.12.1962, திங்கள் இரவு

சம்பந்தி படியேறும் சத்தம் கேட்டு அவசரமாக முகத்தைத் துடைத்தேன். துடைத்தது பட்டறையின் கரி படிந்த பாலிஷ் துணியால்.

"வாங்க சம்பந்தி, சாப்பிட்டீகளா?"

"என்னவே, பபூன் வேசமா?"

கொடைக்கானலில் ஒரு துரையின் பழைய மோட்டார் படகைப் புதுப்பிக்கிறார்கள். அதன் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த பித்தளைச் சின்னங்களில் ஒன்று ஏரியோடு போயிற்று. மிஞ்சியதைச் சம்பந்திதான் கொண்டுவந்தார். அதை வைத்து அச்செடுத்து இன்னொன்று வார்த்தேன். ஜோடி சேர இரண்டுக்கும் குரோமிய முலாம் பூசியிருந்தேன்.

ஒன்றை ஆசையாகத் தடவினார். "இதுல்லா சீமைச் சரக்கு!" மற்றதை மேசையில் வீசினார். "இது நீரு செஞ்ச லெச்சணம். உருக்கிட்டு ஒழுங்கா வேற செய்யும். அதுவரைக்கும் உம்ம மக கிறிஸ்மசுக்கு இங்கன வரமாட்டா."

எஸ்தருக்கு ஏழாம் மாதம். அவள் வருவாளென்று அவள் அம்மா அச்சுமுறுக்குக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள்.

"சரிங்க சம்பந்தி" என்றேன், கன்னத்துக் கரியோடு.

வார்த்த பித்தளை ஆறும்போது கொஞ்சம் சுருங்கும்; அசலைவிட நகல் ஒரு நூல் சின்னதாகிவிடும். அவர் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போனது சின்னது, நான் வார்த்தது. உருக்கச் சொன்னதுதான் சீமைச் சரக்கு.