ஒரு குடும்பம், நான்கு பின்பெயர்: காட்டுச் சிற்றாலயப் பாதை பற்றிய மனு

அனுப்புநர்:
பிறின்சி இராயப்பு,
ஹம், ஜேர்மனி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
வருகையாளர் பிரிவு,
தேசியப் பூங்கா நிர்வாகம்.

பொருள்: மாதா சிற்றாலயப் பாதையில் ‘குடும்பம்’ யார் என்ற புதிய விதியைத் திருத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் அறிவிப்பில் இருந்ததால் தமிழில் எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சமையலறை யன்னலோரம் நின்ற மெழுகுதிரியை எடுத்து நிழலில் வைத்தேன். வெயிலில் அது வளையத் தொடங்கிவிட்டது. உங்கள் பூங்காவுக்குள் எரிந்திருக்க வேண்டிய திரி அது.

1. முழங்கால் சத்திரசிகிச்சைக்கு முன் என் மாமியார் கொறற்றி வைத்த நேர்த்தி: கால் குணமானால் சிற்றாலயத்துக்கு நடந்தே போய்த் திரி கொளுத்துவது. குணமாகிவிட்டது. கடந்த ஞாயிறு அவரும் நானும் என் கணவர் லக்ஸனும் மகள் அஜிதாவும் போனோம்.

2. புதிய விதிப்படி ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே போகலாம். குடும்பமல்லாதவர்கள் என்றால் மூவர் மட்டும். ஒரே பின்பெயர் உள்ளவர்களே குடும்பம். எங்களிலோ தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். நான் இராயப்பு, கணவர் யோசப், மகள் லக்ஸன், மாமியார் சூசை. வாயிற்காவலர் அடையாள அட்டைகளைப் பார்த்து, நாங்கள் நான்கு குடும்பங்கள் என்று முடிவுசெய்தார்.

“கடுதாசியைப் பாக்காதையுங்கோ தம்பி, எங்கட ரெண்டு பேற்றை மூக்கையும் பாருங்கோ” என்று மாமியார் மகனைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அஜிதா மொழிபெயர்த்தாள். காவலர் இரண்டு மூக்குகளையும் கவனமாகப் பார்த்துச் சிரித்தார். விதியில் மூக்கு இல்லை என்றார். அவர் மீது எனக்கு முறைப்பாடு இல்லை.

3. நான் வெளியே நிற்கிறேன் என்றேன். “போனா நாலு பேரும், இல்லாட்டி ஆரும் இல்லை” என்று மாமியார் திரியோடு திரும்பிவிட்டார். கோபம் வந்தால் என்னை ‘இராயப்புவின்ரை மகள்’ என்று அழைப்பவர் அவர். அன்று என்னை விட்டுப் போக மறுத்ததை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

4. எங்கள் சங்கத்தில் சிலர் கட்டுப்பாடே கூடாது என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பாட்டுப்பெட்டியும் பிரியாணிச் சட்டியுமாக ஒரு ஊரே போனால் பாதையோரம் கூடு கட்டியிருக்கும் கருநாரைகள் கூட்டை விட்டுப் போகத்தான் செய்யும்.

5. ஆகவே நான் கேட்பது சிறிய திருத்தம். பெயருக்குப் பதிலாக முகவரியைப் பாருங்கள். எங்கள் நால்வரின் அட்டையிலும் அது ஒன்றுதான். மான்கள் இணைசேரும் காலத்துக்காகச் செப்டெம்பரில் பாதை மூடப்படுமுன் இதைச் செய்து தந்தால் ஒரு நேர்த்தி நிறைவேறும்.

6. வீட்டில் இன்னும் எவருக்கும் சொல்லாத ஒன்றையும் தெரிவிக்கிறேன். தன்னார்வ வழிகாட்டிகள் தேவை என்றும், வழிகாட்டி எண்ணிக்கையில் சேரமாட்டார் என்றும் உங்கள் அறிவிப்பின் அடியில் உள்ளது. ஓகஸ்ட் பயிற்சிக்கு என் விண்ணப்பத்தை இணைத்துள்ளேன். கருநாரைகளைப் பற்றித் தமிழிலும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தவிர, விதி மாறாவிட்டாலும் மூன்று பேரும் ஒரு வழிகாட்டியும் உள்ளே போகலாம். மாமியார் முதன்முறையாக நான் காட்டும் வழியில், வாய் திறக்காமல் நடக்க வேண்டியிருக்கும். அமைதி வலயத்தில் பேசக்கூடாது என்பது உங்கள் விதிதானே.

ஹம்,
03.07.2025

இங்ஙனம்,
பிறின்சி இராயப்பு