உப்புப் பார்க்கும் நாக்கு

ஜூலை 8, செவ்வாய்

கெட்ட கொழுப்பு 5.2; மூன்றுக்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு மாத்திரை எழுதினார். ஆட்டிறைச்சி, நெய், தேங்காய்ப்பால் எல்லாம் குறைக்க வேண்டுமாம். சிலிபினில் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை வைத்துத் தானே சமைக்கிறவனிடம் சொல்கிறார்!

கூடப் பிறந்த அபுபக்கர் அண்ணன் இதே கடையில், குழம்புச் சட்டி முன்னால்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. எனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

வீட்டில் மனைவி லத்தீபாவிடம் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காரிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 9

உட்கார முடியவில்லை. நின்றால் படபடப்பு. நெஞ்சா, பயமா?

ஜூலை 15

காய் நறுக்கும் வீரம்மா, கடை ஆட்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சமைப்பார். இன்று பாசிப்பயறு, வெண்டைக்காய், கங்கோங் கீரை. தட்டை நீட்டினேன்.

“என்ன அண்ணே, ஒங்க கறி ஒங்களுக்கே புடிக்கலியா?”

“வயிறு சரியில்லலா.”

பொய். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 29

காலையில் ஓட்ஸ். சீனி போடாத பார்லித் தண்ணீர். பசி இல்லை, ஆனால் வாய் எதையோ தேடுகிறது. உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி, பிறகு இன்னொன்று, கூடவே ஒரு துண்டு இறைச்சி. யாரை ஏமாற்றுகிறேன்?

ஆகஸ்ட் 2, சனி

கோப்பெங்கில் கல்யாணம். நெய்ச்சோறு, மூன்று தட்டு. திரும்பும்போது காரில் வியர்த்துக் கொட்டியது. ஓரமாக நிறுத்தினேன். துடைக்கத் துணி தேடிய லத்தீபாவின் கையில் அறிக்கை சிக்கியது.

கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். “ஒங்க அண்ணனும் இப்படித்தான் மறைச்சாரு. மௌத்தானப்புறம் பாத்தா, மாத்திர பிரிக்காம கெடந்துச்சு. நீங்களும் அப்படித்தான் போவப் போறீங்களா?”

என்னத்த சொல்றது? பயமா இருக்குன்னு சொல்ல வெக்கம். கடைசியில் அதத்தான் சொன்னேன்.

நேரே கிளினிக்குக்குப் போனோம். இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் கோளாறு இல்லை, அளவு மீறித் தின்றதுதான் என்றார்கள். லத்தீபா என் கையை விடவே இல்லை.

ஆகஸ்ட் 4

உப்புப் பார்க்கும் வேலையை வீரம்மாவிடம் கொடுத்தேன். முதல் கரண்டியிலேயே, “உப்பு தூக்கலா இருக்கு அண்ணே. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்” என்றார்.

நாள் முழுக்க எரிச்சல்.

ஆகஸ்ட் 30

லத்தீபா கத்தரிக்காயைத் தேங்காய்ப்பால் இல்லாமல் தக்காளி, புளி போட்டு வைத்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19

கை மட்டும் இன்னும் கரண்டியைத் தேடிப் போகிறது. வீரம்மா தட்டிவிடுகிறார்.

அக்டோபர் 7, செவ்வாய்

2.9.

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். “அதுவும் இருக்கட்டும், சாப்பாடும் இப்படியே இருக்கட்டும்” என்றார் டாக்டர்.

கிளினிக் வாசலிலேயே நின்று லத்தீபாவுக்குப் போன் செய்தேன். எண்ணைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “மத்தியானத்துக்கு என்ன வேணும்?” என்றாள்.

இருபத்தைந்து வருடமாக நான் ஊராரைக் கேட்கும் கேள்வி. இன்று என்னைக் கேட்கிறாள்.

“பாவக்கா போதும். நான் வார வரைக்கும் சாப்புடாம இரு, சேந்து சாப்புடுவோம்.”