சாமிக்கும் சேர்த்து ஓர் அறை

சூரமங்கலம், சேலம்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சாரதாமணி எழுதுவது. நீங்களும் போர் போடும் ரிக் வண்டியில் இருக்கும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் டவர் போய்விடும். மிச்சத்தை நீங்களே நினைத்து நினைத்துப் பயப்படுவீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் லாரி டிரைவர் வீரன் நாளைக்கு ரிக்குக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு சேலம் வழியாகத்தான் சத்தீஸ்கர் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். அவன் பிரித்துப் படித்திருந்தால் சொல்லுங்கள்.

நான் ஊரில் இல்லை. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காக வந்தேன், அதைப் பிறகு எழுதுகிறேன். நம் சாமியும் என்னோடுதான் இருக்கிறான். நாயை எதற்கு இழுத்துக்கொண்டு போனாய் என்று திட்டாதீர்கள். அவன் போன மாதம் உங்கள் பங்காளி சின்னண்ணனுடைய கோழிப்பண்ணைக்குள் புகுந்துவிட்டான். கோழி எதையும் தொடவில்லை, ஆனாலும் கோழியெல்லாம் மிரண்டுவிட்டதாம். சின்னண்ணன் நம் வாசலில் வந்து நின்று, "இன்னொருக்கா அந்தப் பக்கம் வந்துச்சுன்னா கறியில மருந்து வெச்சுப்போடுவேன் பாத்துக்க" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் வாய்க்கால் ஓரம் தெருநாய்கள் இரண்டு வாயில் நுரையோடு செத்துக் கிடந்தன. யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து சாமி வாசலில் எதை மோந்து பார்த்தாலும் ஓடிப்போய் அவன் வாயைப் பிரித்துப் பார்க்கிறேன். அவனை அங்கே கட்டிப்போட்டுவிட்டு நான் எப்படி வருவேன்?

லாட்ஜில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். வருவதற்கு முன்னால் போன் போட்டு, "ஒரு ரூம் வேணுங்க, நானும் எங்க சாமியும் வாரோமுங்க" என்றேன். மேனேஜர் வளவன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சாமிக்கு என்ன வயது என்று கேட்டார். ஆறு என்றேன். சின்னப் பிள்ளைக்குத் தனிக் காசு இல்லை, உங்கள் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளட்டும் என்றார். காலையில் பால் வேண்டுமா என்று கூடக் கேட்டார். வேண்டும் என்றேன். இந்தக் காலத்தில் நாய்க்கு இப்படிப் பார்க்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

லாட்ஜ் வாசலில் நான் குட்டியானை லோடு வண்டியிலிருந்து இறங்கியதும் வளவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கொழந்த எங்கம்மா?" என்றார். நான் கையிலிருந்த கயிற்றைக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடம்தான், அவரும் சிரித்துவிட்டார். நான்தான் குனிந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். நமக்கு ஆறு வயதில் ஒரு பிள்ளை இருப்பதாக ஒரு மனிதர் ஒரு நாள் முழுக்க நம்பியிருக்கிறார்.

அப்புறம் சட்டம் பேச ஆரம்பித்தார். பிள்ளைக்குக் காசு இல்லை, நாய்க்கு உண்டாம். தினமும் தனிக் கட்டணம். எதையாவது கடித்துக் கிழித்தால் கழித்துக்கொள்ள முன்பணம். தடுப்பூசிச் சீட்டைக் காட்ட வேண்டும். சாப்பிடும் ஹாலுக்குக் கூட்டிப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் ஒன்று சொன்னார். நாயை அறையில் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது, போனால் அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் தலையாட்டிவிட்டேன். வேறு இரண்டு லாட்ஜில் நாய் என்றதுமே போனை வைத்துவிட்டார்கள், நான் எங்கே போவேன்?

இப்போது ஆஸ்பத்திரி விஷயம். உட்கார்ந்து படியுங்கள். என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. சித்திரையிலேயே கையில் தட்டுப்பட்டது. வெயில் கட்டி என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அது குறையவில்லை. நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்னவென்று தெரியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

ஸ்கேனுக்குப் போனபோது சாமியை அறையில் விட்டுத்தான் போனேன். குரைத்தாலும் வெளியே கேட்காது என்று டிவியைச் சத்தமாக வைத்தேன். உள்ளே என்னைப் படுக்க வைத்து மூச்சை அடக்கச் சொல்கிறார்கள், எனக்கோ லாட்ஜில் அவன் குரைப்பது காதில் கேட்கிற மாதிரியே இருந்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால் வளவன் எங்கள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் நாய் குரைக்கவில்லை, அழுதது என்றார். எங்கே போனேன் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். மேலே எதுவும் கேட்காமல், இன்னொரு முறை இப்படிச் செய்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று சொல்லிவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து நடையில் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சௌந்தர்யா, சங்ககிரிப் பிள்ளை, "கூட யாருங்க்கா வந்திருக்கறது?" என்று கேட்டாள். யோசிக்காமல், "எங்க சாமிதானுங்க" என்று வாயில் வந்துவிட்டது. நம் பக்கத்தில் வீட்டு ஆம்பளையைச் சாமி என்று சொல்வது அவளுக்கும் தெரியும் அல்லவா, வீட்டுப் பெரியவர் யாரோ என்று நினைத்துக்கொண்டாள். "சரிங்க்கா, வெள்ளிக்கிழமை சாமியக் கையெழுத்துப் போடக் கூட்டிட்டு வந்துருங்க, கையெழுத்தில்லாம உள்ள கொண்டு போக மாட்டாங்க" என்றாள். இல்லையம்மா, அது நாய் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து, வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். என் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் வந்திருப்பார். சின்னண்ணனிடம் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. கத்தியை நினைத்து இல்லை. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்துத்தான். நான் உள்ளே கிடக்கும்போது இவன் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான் என்பதும் ஒரு பயம். ஏதாவது ஆகிவிட்டால் இவனை ஊருக்குக் கொண்டு போகாதீர்கள். ரிக் வண்டியிலேயே உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தயிர்ச்சோறு தின்பான், இடிக்குப் பயப்படுவான். உங்கள் ரிக் சத்தம் பழகிவிடும்.

வளவனிடம் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அறையில் ஆள் இருந்தால் நாய் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றார்.

உங்கள் அம்மா கடைசி வரைக்கும் உங்களைச் சாமி என்றுதானே கூப்பிட்டார்கள். அந்த நர்ஸ் பிள்ளை வெள்ளிக்கிழமை வாசலில் வந்து, சாமி யாருங்க என்று கேட்பாள். அப்போது அங்கே நீங்கள் இருந்தால் நான் சொன்னது பொய்யாகாது.

வழியில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குலதெய்வம் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கதவுப் பக்கம் காதை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவனோடு,
உங்கள் சாரதாமணி.