பட்டன் இல்லாத நடை

ஒஹாயோ
ஜூலை 12, 2021

அன்புள்ள எர்லீன் அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் இவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டன் செத்துப்போயிற்று. கிழட்டு நாய்தான், ஆனாலும் அழுதுவிட்டேன். ஆனால் என் கவலை வேறு. இதய ஆபரேஷன் செய்த டாக்டர், தினமும் நடந்தால்தான் ஓடெல் தேறுவார் என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவு நாள் பட்டனோடு நடந்தார். தெருவே நின்று அதைக் கொஞ்சும். எதிர்வீட்டு வெள்ளைக்காரி டயான் தன் கையாலேயே இறைச்சித் துண்டு ஊட்டுவாள்.

இப்போது தனியாக நடக்கிறார். நேற்றுத் தெருக்காரர்களின் போன் குழுவில் ஒரு படம். "யாரோ ஒரு ஆளு, கொஞ்ச நாளா வீடு வீடா நோட்டம் விட்டுட்டுப் போறான். ஜாக்கிரதை!" அது நம் ஓடெல், அக்கா! நான் வாங்கிக் கொடுத்த பச்சைச் சட்டை. படத்தைக் குழுவில் போட்டவள் டயான். கீழே ஒருவன், "மறுபடி வந்தா போலீஸக் கூப்பிடுங்க" என்கிறான். நாயைத் தெரிந்தவர்களுக்கு அதைப் பிடித்து வந்த மனிதனைத் தெரியவில்லை.

"அது என் வீட்டுக்காரர்" என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் இவருக்குத் தெரிந்துவிடும், மனசு உடைந்துபோவார். எனக்குத் தூக்கமே இல்லை.

உன் தங்கை,
லவீனியா

---

மோபீல், அலபாமா
ஜூலை 19, 2021

அடி லவீ,

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நல்ல ஊர், நல்ல தெரு என்று பீற்றிக்கொண்டு போனாயே!

நம் அப்பாவை நினைத்துப் பார். ஞாயிற்றுக்கிழமைகூட கடைத்தெருவைத் தாண்டும்போது காலி பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். வாளி இருந்தால் வேலைக்குப் போகிறான் என்று வெள்ளைக்காரர்கள் விட்டுவிடுவார்கள். வெறுங்கையோடு போனால், "எங்கடா போற?" என்பார்கள். அவருக்கு வாளி, மாப்பிள்ளைக்கு நாய். அன்றைக்குக் கறுப்பர்கள் எங்கே நுழையக்கூடாது என்று வெள்ளைக்காரன் பலகை எழுதி மாட்டியிருந்தான். உங்கள் தெருவில் பலகையும் கிடையாது, சிரித்துக்கொண்டே கேக்கும் கொடுக்கிறார்கள். எங்கே பயப்பட வேண்டும் என்றே தெரியாமல் எப்படியடி இருக்கிறாய்?

மானம் பார்க்காதே. குழுவில் எழுது. இல்லையென்றால் இன்னொரு நாய் வாங்கு, பார்க்க அழகாக, குட்டையாக.

உன் மேல் கோபமும் அன்பும் உள்ள,
எர்லீன்

---

ஒஹாயோ
ஆகஸ்ட் 2, 2021

அக்கா,

நாய் வாங்கலாமா என்று கேட்டேன். "அறுபத்தாறு வயசுல எனக்கு ஒரு நாய்க்குட்டி ஜாமீன் குடுக்கணுமா, லவீனியா?" என்று கேட்டார். குழுவிலும் நான் எழுதவில்லை. நீ சொன்ன அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சைரன் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு ஓடினேன். நடைபாதை ஓரத்தில் தலைக்கு மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள், நம் பேரன் வயதுதான் இருக்கும். ஒருவன் கை துப்பாக்கி மேல் இருந்தது. அந்தக் கை நடுங்கியது, அக்கா. அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே இல்லை. "சுட்டுடாதீங்க! என் புருஷன்! பதினாலாம் நம்பர் வீடு!" என்று கத்தினேன்.

விட்டுவிட்டார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, புகார் வந்தா பாக்கணும்ல" என்றான். டயான் ஓடி வந்து, "ஐயோ, பட்டனோட அப்பாவா! நாய் இல்லாம அடையாளமே தெரியல" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மறுநாளே இவர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தேவாலயத்து முனையில் திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அப்புறம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வரும்வரை மூச்சு விடுவதில்லை. பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. எப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் பார்!

லவீனியா

---

ஒஹாயோ
ஆகஸ்ட் 20, 2021

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஓடெல் எழுதுவது. நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் எழுதிக்கொள்வது தெரியும். தபால் எடுப்பது நான்தானே. பிரித்துப் பார்க்கவில்லை, நம்புங்கள்.

லவீனியா என்னைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பாள். நான் நடப்பதில்லை, அண்ணி. அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் நடக்கவில்லை. முனை திரும்பியதும் பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே வெயிலில் உட்கார்ந்திருப்பேன். பஸ் வந்தால் கையாட்டி அனுப்பிவிடுவேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கறுப்பனை யாரும் எதுவும் கேட்பதில்லை. யார் வீட்டிலோ வேலை முடித்துத் திரும்புகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பயம், அண்ணி. அந்தப் பையன் கை நடுங்கியதை நானும் பார்த்தேன். எழுந்து நாலு எட்டு வைப்பேன், ஏதாவது கார் மெதுவாக வந்தால் திரும்ப உட்கார்ந்துவிடுவேன். இதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மூன்று நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இடது தோளில் வலி. டாக்டர் தினமும் நடக்கிறீர்களா என்று கேட்டார், பக்கத்தில் அவள் இருந்தாள், ஆமாம் என்றேன்.

அவளுக்குச் சொல்லாதீர்கள். முடிந்தால் சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள். என்னை நடக்கவைக்க அல்ல. அவளோடு ஒருவர் இருக்க வேண்டும்.

தங்கள்,
ஓடெல்