குளியல்கூடத்தில் மாட்டிய பிரிவுப் படம்

அமகசாகி
ஷோவா 19 (1944), மே 6

அன்பு மகன் தோகுஜிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்துப் படை முகாமில் யாராவது சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. நாலாம் வகுப்போடு நின்றவன் கை வேறெப்படி இருக்கும்?

நேற்று ஆண்பிள்ளைகள் பண்டிகை. வழக்கம்போல் நம் குளியல்கூடத் தொட்டியில் வசம்புத் தழை போட்டேன். விறகுதான் இல்லை. அந்தத் தண்ணீரில் தவளைக்கே சளி பிடிக்கும். வந்தவர்கள் எல்லோரும் கிழவர்கள். தழையைத் தலையில் கட்டிக்கொள்ள ஒரு வாலிபன்கூட இல்லை.

தலைமையாசிரியர் பெரிய படம் ஒன்றைத் துணி மாற்றும் இடத்தில் மாட்டிவிட்டுப் போனார். நீ பள்ளியில் படித்த கதைதான். சாகப்போகிறோம் என்று தெரிந்தே போருக்குப் போகும் தளபதி, கூடவே வருவேன் என்று அழும் மகனைத் தடுக்கிறார். வீட்டுக்குப் போ, அம்மாவிடம் போ, வளர்ந்தபின் அரசருக்காகப் போரிடு என்கிறார். "பாத்தியா கனேமாட்சு, அப்பன்னா இப்படி இருக்கணும்" என்றார் தலைமையாசிரியர். "ஆமாங்கய்யா, ஆனா குதிரைதான் அழுவுற மாதிரி இருக்கு" என்றேன். முறைத்தார்.

உன் அண்ணன் எய்சாகுவின் அஸ்தி என்று அந்த வெள்ளைப் பெட்டி வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. உள்ளே ஒரு கூழாங்கல்தானே இருந்தது. உனக்குத் தினமும் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். கிண்ணத்து மூடியில் நீர் கோத்திருந்தால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். அதனால் கஞ்சியைக் கொதிகலன் மேல் வைத்துச் சுடச்சுடக் கொடுக்கிறேன். எய்சாகுவுக்கும் பெட்டி வந்த அன்று காலைவரை மூடி ஈரமாகத்தான் இருந்தது. அதை நாங்கள் பேசுவதில்லை.

தரை துடைக்க வந்த அம்மா படத்தின் முன்னால் நின்று, "அந்த அப்பன் என்னய்யா சொல்றான்?" என்றாள். சொன்னேன், முன்பாதியை மட்டும். இப்போது உன் சாப்பாட்டைப் படத்துக்கு அடியில்தான் வைக்கிறாள். தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, என்ன நாட்டுப்பற்று என்று கண்கலங்கிக் கும்பிட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

உன் கடிதத்தில் ஊர்ப் பெயரை மைபூசி அழித்திருந்தார்கள். கப்பல் என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது. அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை.

இதை முதலில் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன்.

தோகுஜி, அந்தத் தளபதி தன் மகனுக்குச் சொன்னதையே நானும் உனக்குச் சொல்கிறேன். பின்பாதி மறந்துபோனால் பரவாயில்லை. முதலில் சொன்னதை மறந்துவிடாதே, கண்ணு.

அடுப்பை அணைக்காமல் இருக்கும்
உன் அப்பா
கனேமாட்சு