நடுவில் ஆள் இல்லை

மகளுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய்க்காரன் வருவான். மொத்தக் குழாயையும் மாற்றணும் என்பான், நம்பாதே. வாஷர் மட்டும்தான் போயிருக்கிறது. அவன் போகும்வரை கூடவே நில்.

உன்னைக் கேட்காமல் விடுதியில் இடம் வாங்கினாள் என்று ஐந்து நாளாக நீ உன் மகளிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. "தாத்தா, என் சட்டை காஞ்சிருச்சான்னு உங்க மககிட்ட கேளுங்க" என்கிறாள். "அவளுக்குக் கை ஒடைஞ்சா போச்சுன்னு கேளுங்கப்பா" என்கிறாய். இருவரும் ஒரே அறையில்தான் நிற்கிறீர்கள். நானும் தபால்காரன் மாதிரி இங்கே கேட்டு அங்கே சொன்னேன்.

அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறாய். உன் பதினைந்து வயதில், எதிர்த்துப் பேசினாய் என்று இரண்டு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. உன் அம்மாதான் நடுவில் நின்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். சண்டை போட வேறு வழி நான் உனக்குக் காட்டவில்லை. உன்னிடம் இருந்ததைத்தான் உன் மகளும் எடுத்துக்கொண்டாள். இதை எழுதும்போது அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது.

மூன்று மணிக்கு அவளுக்கு விடுதிக்குப் போகப் பஸ். அதுவரை நான் வரமாட்டேன். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன், தேடாதே. அவளிடம் காலையிலேயே சொல்லிக்கொண்டேன்.

அப்பா

அடியில் எழுதுகிறேன்: அவள் பெட்டி ஜிப் மூடமாட்டேன் என்கிறது. ஒருத்தர் மேலே அமுக்கினால்தான் இன்னொருத்தர் இழுக்க முடியும். அவள் தனியாக இழுத்துக்கொண்டிருக்கிறாள்.